காற்றை மாறி மாறி வாங்குவோம்



பெண்களின் உடல்நலத்துக்கு உடற்பயிற்சி எவ்வளவு தேவை என்று இரண்டு இதழ்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வன்னியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் அனுப்பியிருந்தார். விடிய நான்கு மணிக்கு எழும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்துவிட்டுத் தோட்டக் கூலிக்குப் போகிறாராம். பின்னேரம் வந்து தண்ணீர் அள்ளுவது, விறகு கொத்துவது, மாமியாரைப் பார்ப்பது என்று இரவு பத்து மணியாகிவிடுகிறதாம். இதற்கு மேலும் நான் என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும், அது வேலை இல்லாதவர்களின் பொழுதுபோக்கு அல்லவா என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். நானும் ஒரு காலத்தில் இதையே கேட்டவள்தான். ஆகவே புத்தகத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்லாமல், கடந்த நான்கு வருடங்களாக நானும் என் சிநேகிதிகள் மூவரும் செய்துவரும் ஒரு காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். என்னுடைய பதில் அதற்குள் இருக்கிறது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம்

ட்ரையத்லன் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிள் ஓட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றையும் இடையில் நிறுத்தாமல் செய்ய வேண்டும். இந்தப் பெயரில் இன்று நாம் அறிந்த போட்டி 1974 செப்ரெம்பரில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் தொடங்கியது. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது. ஒலிம்பிக் அளவு 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். அதில் பாதி அளவிலும், அதைவிடக் குறைந்த அளவிலும் போட்டிகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான ட்ரையத்லன் 2016 இல் ரியோ பராலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. 2018 இல் கொழும்பிலும் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் கொண்ட பெரிய போட்டி ஒன்று நடந்தது.

அப்படியான போட்டிகளுக்குக் கட்டும் பணம் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. ஆனால் பயிற்சிக்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

இதில் எனக்கு ஆர்வம் வந்ததற்கு ஒரு கன்னியாஸ்திரி காரணம். மடோனா பூடர் என்ற அமெரிக்கச் சகோதரி 1930 இல் பிறந்தவர். 48 வயதளவில்தான் ஓடத் தொடங்கினார். 52 வயதில் முதல் ட்ரையத்லன் செய்தார். 2012 இல் தமது 82 ஆவது வயதில் 3.8 கிலோமீற்றர் நீந்தி, 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, 42.2 கிலோமீற்றர் ஓடும் மிக நீண்ட போட்டியைக் கனடாவில் முடித்தார். இதை வாசித்தபோது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. முழங்கால் வலிக்கிறது, இனி என்ன என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த அம்மா தொடங்கிய வயதுக்கு எனக்கு இன்னும் சில வருடம் இருக்கிறதே என்று நினைத்தேன். அவ்வளவுதான் தொடக்கம்.

நாங்கள் நால்வர்

எங்களில் இளையவர் உடற்கல்வி ஆசிரியை. இன்னொருவர் வைத்தியசாலையில் தாதி. மூத்தவர் தையற்கடை வைத்திருக்கும் அக்கா. 2009 இல் எறிகணை பட்டு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். செயற்கைக் கால் போட்டிருக்கிறார். நான்காவது நான். எங்களில் இருவருக்குக் கணவர் இல்லை. ஒருவருக்குக் கணவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

சைக்கிள் எங்களுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குச் சைக்கிளைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாதபோது, பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் சைக்கிளில்தான் போனோம். ரைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது வீட்டில் இருந்ததில் பாதியைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம். ஆனால் எங்கும் போகவேண்டிய அவசியமில்லாமல், பின்னால் ஒரு மூட்டையும் இல்லாமல், நான்கு பெண்கள் சேர்ந்து சைக்கிள் ஓடியது எங்களுக்குப் புதிய அனுபவம். முதல் ஞாயிற்றுக்கிழமை பொன்னாலைப் பாலத்தில் போகும்போது, கரியர் வெறுமையாக இருப்பது எனக்கு ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

ஊரில் கதைத்தார்கள்தான். புருஷன் இல்லாதவளுக்கு இந்த வயதில் கால்சட்டையும் சப்பாத்தும் எதற்கு என்று ஒழுங்கையில் கேட்டார்கள். தையற்கடை அக்காதான் எங்கள் எல்லோருக்கும் முழங்காலுக்குக் கீழே வரும் நீண்ட சட்டையும் இறுக்கமில்லாத காற்சட்டையும் தைத்துத் தந்தார். “கதைக்கிற ஆக்கள் கதைக்கட்டும். அவையின்ர துணியையும் நான்தானே தைக்கிறன்” என்பார்.

முதலில் நாங்கள் கற்றுக்கொண்டது சீற்றின் உயரம். நம்மில் பலர் அண்ணனின் அல்லது கணவரின் சைக்கிளைத்தான் ஓடுகிறோம். கால் நிலத்தில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீற்றை மிகவும் பதித்து வைக்கிறோம். அதனால்தான் முழங்கால் வலிக்கிறது. சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வையுங்கள். பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். என் முழங்கால் வலியில் பாதி, கராஜில் சீற்றை இரண்டு அங்குலம் உயர்த்தியதோடு போய்விட்டது.

இரண்டாவது கற்றது காற்றைப் பற்றி. சோளகக் காற்றுக்கு எதிராகத் தனியே சைக்கிள் உழக்கியவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். ஆனால் ஒருவருக்குப் பின் ஒருவராக நெருங்கிப் போனால் முன்னால் போகிறவர்தான் காற்றை வாங்குவார். பின்னால் வருபவருக்குப் பாரம் குறையும். நாங்கள் ஒரு கிலோமீற்றருக்கு ஒருவர் என்று முன்னிடத்தை மாற்றிக்கொள்வோம். அன்றைக்கு யார் மெதுவோ அவர் இரண்டாவதாக வருவார். அவருடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும். ஒருவரும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. எங்களிடம் உள்ள ஒரே சட்டம் இதுதான்.

வெளியூர் நாட்களில்

வேலை காரணமாக மாதத்தில் பத்து நாள் நான் வீட்டில் இருப்பதில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை, வவுனியா என்று பயிற்சி வகுப்புகளுக்குப் போகவேண்டும். தொடக்கத்தில் ஒவ்வொரு பயணமும் என் பயிற்சியைக் குழப்பியது. இப்போது பயணத்தையே பயிற்சிக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டேன்.

தங்கும் இடத்தில் விடிய இருபது நிமிடம் போதும். கதிரையில் இருந்து எழும்புவதுபோலப் பதினைந்து தரம் குந்தி எழும்புவேன். சுவரில் இரு கைகளையும் ஊன்றிப் பத்துத் தரம் தள்ளுவேன். படியின் ஓரத்தில் நின்று குதிக்காலை உயர்த்தி இறக்குவேன். ஒவ்வொன்றையும் மூன்று சுற்று. எந்தக் கருவியும் தேவையில்லை. இடம் பாதுகாப்பானது என்றால் பத்து நிமிடம் போய்ப் பத்து நிமிடம் திரும்பி ஓடுவேன். மட்டக்களப்பில் கல்லடிப் பழைய பாலம், வவுனியாவில் குளக்கட்டு, திருகோணமலையில் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதை. யாழ்ப்பாணத்தில் மேடு இல்லாததால் அந்த ஏற்றம் எனக்குப் பெரிய உதவி. புதிய இடத்தில் ஓடுவதற்கு முன் தங்கும் வீட்டு அம்மாவிடம் எந்தத் தெருவால் போகலாம், எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும், நாய்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்வேன். பலமுறை அந்த அம்மாமாரே கூட நடந்து வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். நீண்ட பஸ் பயணத்தில் நாம் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் மலசலகூடம் இருக்குமோ, இருந்தாலும் போகக்கூடியதாக இருக்குமோ என்ற பயம். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பயணம் செய்தால் தலையிடி வரும். சிறுநீர்க் கிருமித் தொற்றும் வரும். நான் இரண்டு தரம் அதனால் வருந்தியவள். இப்போது பஸ் எங்கே நிற்கும் என்று முதலிலேயே நடத்துநரிடம் கேட்டுவிட்டு, சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே போகிறேன். வெயிலில் நீண்ட நேரம் சைக்கிள் ஓடும் நாட்களில் தண்ணீரோடு ஒரு பைக்கற் ஜீவனியும் கொண்டுபோவோம். வாழைப்பழமும் கச்சானும் எங்கள் சாப்பாடு.

தண்ணீர்

மூன்றில் எனக்குக் கஷ்டமானது நீச்சல். அதற்குக் காரணம் உண்டு.

1993 இல் எனக்குப் பதின்மூன்று வயது. ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் அடைபட்டிருந்தன. குடாநாட்டை விட்டு வெளியே போகிறவர்கள் இரவில் கிளாலிக் களப்பைப் படகில் கடந்தார்கள். படகுகளைக் கயிற்றால் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி, முன்னால் ஓர் இயந்திரப் படகு இழுத்துக்கொண்டு போகும். வெளிச்சம் காட்டக் கூடாது. அந்தக் களப்பில் தாக்குதல்களில் இறந்தவர்கள் பலர். நாங்கள் போன இரவு எங்கள் படகுக்குள் தண்ணீர் வந்தது. ஆண்கள் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். அம்மா என் வாயைக் கையால் பொத்திப் பிடித்திருந்தா. நாங்கள் கரை சேர்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அதன்பின் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் முழங்காலுக்கு மேலே தண்ணீரில் நான் இறங்கியதில்லை. 2004 சுனாமிக்குப் பின் கடற்கரைக்குப் போவதையே விட்டுவிட்டேன்.

காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழம் குறைந்தது. அங்கேதான் ஆசிரியைப் பிள்ளை எனக்குக் கற்றுத் தந்தார். முதல் மூன்று ஞாயிறும் இடுப்பளவில் நின்று, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூக்காலும் வாயாலும் மூச்சை வெளியே விடுவது மட்டும்தான். குமிழி குமிழியாக வரும். முகத்தை எடுத்து மூச்சை உள்ளே இழுப்பது. மறுபடியும் அதே. பயந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சைப் பிடித்தால் உடம்பு இறுகும். உடம்பு இறுகினால் பயம் கூடும். ஆகவே மூச்சை விடப் பழகுவதுதான் முதற்பாடம். பிறகு மல்லாந்து மிதப்பது. அவர் என் முதுகின் கீழ் ஒரு கையை வைத்திருப்பார். கையை எடுத்ததை நான் அறியவில்லை.

அக்கா செயற்கைக் காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத் தாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். தண்ணீரில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கெட்டிக்காரி. கரையேறியதும் மீதிக் காலைக் கழுவித் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலைப் போடுவார். செயற்கைக் கால் பாவிக்கும் சகோதரிகள் இதைத் தினமும் செய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார்.

கடலில் இறங்குபவர்களுக்குச் சில விடயங்கள். தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். நெஞ்சளவுக்கு மேல் போகாமல் கரைக்கு இணையாக நீந்துங்கள். நீரோட்டம் வெளியே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல், முதலில் பக்கவாட்டாக நீந்தி ஓட்டத்தை விட்டு விலகுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் இறங்கவே வேண்டாம்.

பாலத்தில்

சென்ற வருடம் சித்திரை விடுமுறையில், சங்குப்பிட்டி வரை போய் வருவோம் என்று தாதி சொன்னார். நாவற்குழியால் திரும்பித் தனங்கிளப்புக்கூடாகப் போகும் பாதை. போய்வர ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தின் கீழே இருப்பதும் கிளாலியில் நான் கடந்த அதே களப்புத்தான். அதை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். இரு பக்கமும் வெளி. நிழல் இல்லை. பழைய பழக்கத்தில் நால்வரும் தார் ரோட்டை விட்டு மண்ணில் கால் வைக்கவில்லை. எதிர்க்காற்றை மாறி மாறி வாங்கிக்கொண்டு போனோம். பாலத்தில் ஏறிப் பாதித் தூரம் போனதும் இரண்டு பக்கமும் தண்ணீரைக் கண்டேன். கால் உழக்க மறுத்தது. சைக்கிளை நிறுத்திக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு இறுகியது.

அக்கா எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. “மூச்சை விடு பிள்ளை. தண்ணிக்குள்ள விடுற மாதிரி விடு” என்றார். பிறகு தானும் இறங்கி, “நடப்பம்” என்றார். முன்னால் போன இருவரும் திரும்பி வந்தார்கள். நால்வரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தை நடந்து கடந்தோம். அக்காவுக்கு அந்த நடை வலித்திருக்கும். அன்றைக்கு மெதுவானவள் நான். ஆகவே என்னுடைய வேகம்தான் எல்லோருடைய வேகமும்.

மறுகரையில் இருந்து பிளாஸ்கில் கொண்டுபோன தேத்தண்ணி குடித்தபோதுதான் கிளாலியைப் பற்றிச் சொன்னேன். தாதி சொன்னார், தானும் ஐந்து வயதில் அதே களப்பைக் கடந்தாராம். சாக்கின் கீழ் ஒளித்துக் கொண்டுபோனார்களாம். ஒன்றாக நான்கு வருடம் சைக்கிள் ஓடியும் இருவரும் இதைக் கதைத்ததில்லை. திரும்பி வரும்போது பாலத்தில் நான் இறங்கவில்லை. மெதுவாகத்தான் வந்தேன். ஆனால் உழக்கிக்கொண்டே வந்தேன்.

ஆவணியில் கசூரினாவில் எங்களுக்கென்று ஒரு சின்ன ட்ரையத்லன் வைத்துக்கொண்டோம். கரைக்கு இணையாக 200 மீற்றர் நீச்சல், வீட்டுக்கு வரும் இருபது கிலோமீற்றர் சைக்கிள், பிறகு இரண்டரைக் கிலோமீற்றர் ஓட்டம். சைக்கிளால் இறங்கி உடனே ஓடும்போது கால் இரண்டும் கல்லுப்போல் இருக்கும். சில நிமிடத்தில் இளகிவிடும். ஓட்டத்தை அக்கா நடந்து முடித்தார். நான் நீச்சலில் நான்கு தரம் எழுந்து நின்றேன். மெடல் ஒன்றும் இல்லை. அக்காவின் வீட்டில் ஒடியல் கூழ் இருந்தது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் உடம்பு வேலை செய்கிறது, உண்மை. ஆனால் வேலை உங்களிடம் நாரி நோகிறதா என்று கேட்பதில்லை. மண்வெட்டி ஒரே பக்கத்தை வளைக்கிறது. குடம் ஒரே இடுப்பில் இருக்கிறது. எவ்வளவு போதும் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். பயிற்சி அப்படி அல்ல. அதற்கு அளவு உண்டு. வலித்தால் நிறுத்தலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதுவும் பயிற்சியில் சேர்ந்தது. வேலையில் உடம்பு மற்றவர்களுக்காகத் தேய்கிறது. பயிற்சியில்தான் அது நமக்காகக் கொஞ்சம் திரும்பி வருகிறது.

ஆகவே உங்களுக்கு இன்னொரு பாரம் ஏற்ற நான் எழுதவில்லை. கூலி வேலை செய்யும் உங்களுக்கு வேண்டியது இன்னும் கடினமான உழைப்பு அல்ல. வேலையால் வந்ததும் பாயில் மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு அணைத்து முதுகைத் தளரவிடும் பத்து நிமிடம். ஞாயிறு பின்னேரம், கரியரில் ஒன்றும் கட்டாமல், அயல் வீட்டுப் பெண்ணோடு குளக்கட்டு வரைக்கும் ஒரு சைக்கிள் ஓட்டம். அது போதும். நெஞ்சு நோவு, தலைச்சுற்று, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒன்றைமட்டும் கேட்டுக்கொள்கிறேன். தனியாகத் தொடங்காதீர்கள். ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று எல்லோருக்கும் உண்டு. அதை முழுவதும் ஒருத்தியே வாங்க வேண்டும் என்று இல்லை.

உங்களில் யாராவது இப்படிச் சேர்ந்து ஏதாவது தொடங்கினால் எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.